பயந்த சுபாவமுள்ள பெண் செவிலியர் ஆகலாமா?

மதிப்பிற்குரிய அம்மா,

உங்கள் மகள் செவிலியர் படிப்பில் சேர விரும்புவதையும், உயிருக்குப் போராடும் நோயாளிகளின் அருகில் நிற்கும் மனத்திடம் அவருக்கு வருமா என்று நீங்கள் கலங்குவதையும் எழுதியிருந்தீர்கள். பெற்ற மனத்துக்கு இந்தக் கலக்கம் இயல்பே. ஆயினும், அவசர நிலையில் உள்ள நோயாளியைக் கவனிப்பதற்குப் பிறவித் துணிச்சலைக் காட்டிலும், எதை முதலில் செய்வது என்று தீர்மானிக்கும் பயிற்சியே அதிகம் தேவைப்படுகிறது. அந்தப் பயிற்சியை முறையாகக் கற்றுக்கொள்ள முடியும்.

உடல்நிலை திடீரென மோசமான ஒருவரை அணுகும்போது செவிலியர் ஒரு வரிசையைப் பின்பற்றுகிறார். மூச்சுப்பாதை அடைப்பின்றி இருக்கிறதா என்பது முதல். மூச்சு எப்படி ஓடுகிறது என்பது அடுத்தது. பிறகு இரத்த ஓட்டம், அதன்பின் நினைவு நிலை, கடைசியாகக் காயமோ தடிப்போ இரத்தக் கசிவோ இருக்கிறதா என்று உடல் முழுவதும் பார்ப்பது. எது விரைவில் உயிரைப் பறிக்கக்கூடியதோ அதுவே முன்னால் நிற்கிறது. ஒரு படியில் குறை தென்பட்டால் அதற்குரிய சிகிச்சையை அங்கேயே தொடங்கிவிட்டுத்தான் அடுத்த படிக்குப் போக வேண்டும். நினைவு தடுமாறுகிறவருக்கு இரத்தச் சர்க்கரையைப் பார்ப்பதும் இந்த வரிசைக்குள் அடங்கும். ஏனெனில் சர்க்கரை மிகக் குறைந்தாலும் பக்கவாதம் போன்ற தோற்றம் வரலாம், அதை உடனே சரிசெய்யவும் முடியும்.

வார்டில் இது இன்னும் கடினமான வடிவத்தில் வரும். ஒருவர் வலி தாங்காமல் கூப்பிடுகிறார். இன்னொருவருக்கு டிரிப்ஸ் முடிந்துவிட்டது. மூன்றாமவரின் உறவினர், எப்போது வீட்டுக்கு அனுப்புவீர்கள் என்று கேட்டு நிற்கிறார். காலையில் தெளிவாகப் பேசிய முதியவர் ஒருவர், இது எந்த இடம் என்று மெல்லிய குரலில் கேட்கிறார். அனுபவமுள்ள செவிலியர் முதலில் அந்த முதியவரிடம்தான் போவார். புதிதாக வந்த மனக்குழப்பம், கிருமித்தொற்று இரத்தத்தில் பரவியதன் அடையாளமாகவோ, மூளைக்கு ஆக்சிஜன் போதாததன் அடையாளமாகவோ இருக்கலாம். வலியில் இருப்பவரை அலட்சியப்படுத்துவதாக இதற்குப் பொருளில்லை; உடன் பணிபுரிபவரை அவரிடம் அனுப்புவதும் செவிலியரின் பொறுப்பே.

பிரிட்டனின் மருத்துவர் அமைப்பான ராயல் காலேஜ் ஆஃப் பிசிஷியன்ஸ் 2012-இல் வெளியிட்டு 2017-இல் திருத்திய எச்சரிக்கை மதிப்பெண் முறையை எடுத்துக்கொள்வோம். மூச்சு, நாடி போன்ற ஒவ்வோர் அளவும் இயல்பிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறதோ அதற்கேற்ப மதிப்பெண் இட்டுக் கூட்டுவதே இந்த முறை. அறுவை சிகிச்சை முடிந்த மறுநாள் ஒரு நோயாளியின் மேல் இரத்த அழுத்தம் 118. அதை மட்டும் பார்த்தால் கவலைப்பட ஒன்றுமில்லை. ஆனால், அவருடைய மூச்சு நிமிடத்துக்கு 24, நாடி 108, காய்ச்சல் 38.3 டிகிரி செல்சியஸ், ஆக்சிஜன் அளவு 94 சதவீதம். மூச்சுக்கு 2, மற்ற மூன்றுக்கும் தலா 1 என மொத்தம் 5 மதிப்பெண் ஆகிறது. 5 என்பது மருத்துவரை அவசரமாக அழைக்க வேண்டிய எல்லை. இரத்தக் குழாய்கள் சுருங்கியும் இதயம் வேகமாகத் துடித்தும் உடல் தன் அழுத்தத்தைத் தாங்கிப் பிடிப்பதால், பல நோயாளிகளிடம் அழுத்தம் தாமதமாகத்தான் சரியும். மூச்சின் வேகம் அதற்கு முன்பே கூடிவிடும். இத்தனை முக்கியமான மூச்சைத்தான் எண்ணாமலே 18 என்றோ 20 என்றோ எழுதிவிடும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. நாடி பார்ப்பதுபோல் மணிக்கட்டைப் பிடித்தபடி, நோயாளி அறியாமல், ஒரு முழு நிமிடம் மார்பின் ஏற்ற இறக்கத்தை எண்ண வேண்டும். எண்ணப்படுவதை அறிந்தால் அவர் மூச்சை மாற்றிக்கொள்வார்.

கண்டதை மருத்துவரிடம் சொல்வதும் சிகிச்சையின் ஒரு பகுதி. “நோயாளி சரியாக இல்லை” என்பது போதாது. இப்போதைய நிலை, அதன் பின்னணி, தான் அளந்தவை, தனக்குத் தேவைப்படுவது ஆகிய நான்கையும் வரிசையாகச் சொல்லி, “நீங்கள் இப்போதே வந்து பார்க்க வேண்டும்” என்று முடிக்கத் தெரிய வேண்டும். அதிகம் பேசாத உங்கள் மகளுக்கு இதுவே கடினமாக இருக்கும் என்று நினைக்கிறேன். இரத்தத்தைப் பார்த்து வரும் மயக்கம் பழகப் பழகப் பெரும்பாலானோருக்குக் குறைந்துவிடும். மூத்தவர்களிடம் தயங்காமல் பேசும் பழக்கத்தை முயன்றுதான் வளர்க்க வேண்டும்.

எனவே, கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது கட்டடத்தையும் தேர்ச்சி விழுக்காட்டையும் மட்டும் பார்க்காதீர்கள். மாணவியர் எந்த மருத்துவமனையில் பயிற்சி பெறுகிறார்கள், அங்கே அவசர சிகிச்சைப் பிரிவும் தீவிர சிகிச்சைப் பிரிவும் இருக்கின்றனவா, ஒரு பயிற்றுநரின் பொறுப்பில் எத்தனை பேர் விடப்படுகிறார்கள், பொம்மை நோயாளியை வைத்து அவசர நிலைகளை ஒத்திகை பார்க்கும் கூடம் உண்மையில் பயன்பாட்டில் உள்ளதா என்று கேளுங்கள். முடிந்தால் இறுதியாண்டு மாணவி ஒருவரிடம் தனியாகப் பேசி, நோயாளியின் நிலை மோசமாவதைக் கண்டு அவர் குரல் கொடுத்தபோது மூத்தவர்கள் காது கொடுத்துக் கேட்டார்களா என்பதையும் உங்கள் மகளையே விசாரிக்கச் சொல்லுங்கள்.