மூன்று குடித்தனம், ஒரு மீட்டர்

அன்புள்ள ஐயா,

பணக்காரர்களின் வரிச்சலுகைகளை வெட்டி, அந்தப் பணத்தை உழைக்கும் குடும்பங்களுக்குக் கொடுக்க வேண்டும் என்கிறார்கள். மாநில அரசால் அது முடியுமா? எங்கள் வீட்டில் வேலை செய்யும் அக்கா ஒரு பைசா வரி கட்டுவதில்லை. மாநில அரசின் மகளிர் உரிமைத்தொகை மாதம் ஆயிரம் ரூபாய் வாங்குகிறார். என் சம்பளமோ பிடித்தம் போகத்தான் கைக்கு வருகிறது. இது நியாயமா?

ஆர்., சோழிங்கநல்லூர்

அன்புள்ள ஆர்.,

மாநில அரசால் முடியுமா? பெரிதாக முடியாது. வருமான வரி டெல்லியின் கையில். சென்னை தானாக ஏற்றி இறக்க முடிவது பத்திரப்பதிவு, வாகன வரி, மது, பெட்ரோல் போன்றவைதான். அதை இன்னொரு நாள் பேசலாம்.

ஆனால் 'ஒரு பைசா வரி கட்டுவதில்லை' என்று எழுதினீர்களே, படித்த பிள்ளை எழுதுகிற வாக்கியமா அது? அந்த அக்கா போனுக்கு ரீசார்ஜ் செய்தால் 18 சதவீதம் ஜிஎஸ்டி. உங்களுக்கும் அதே 18 தான். சோப்பு, பற்பசை, பிஸ்கட் எல்லாவற்றுக்கும் 2025 செப்டம்பர் வரை 18 தான். உங்கள் வரிக்குப் பிடித்ததற்குச் சான்றாக ஒரு படிவம் வருகிறது, அவர் வரிக்கு ஒரு துண்டுச்சீட்டும் வருவதில்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

கோபிக்காதீர்கள். பிடித்தம் போன சம்பளத்தில் வாடகையும் கட்டுகிறவரின் எரிச்சல் எனக்குப் புரிகிறது. புதிய வருமான வரிமுறைக்குப் போனால் உங்கள் வீட்டு வாடகைப்படிக்குக் கழிவு கிடையாது. ஆனால் நெடுநாள் வைத்திருந்த பங்குகளை விற்று, வந்த பணம் முழுவதையும் போட்டு வீடு வாங்குகிறவருக்கு அதே முறையில் விலக்கு உண்டு. 2023 வரை அதற்கு உச்சவரம்பே இல்லை. இப்போது 10 கோடி. லாபம் 6 கோடி என்றால் 12.5 சதவீதத்தில் 75 லட்சம் வரி, வீடு வாங்கிவிட்டால் பூஜ்யம். 625 பெண்களுக்கு ஓராண்டு உரிமைத்தொகை அது. அந்தக் கஜானா வேறு, இந்தக் கஜானா வேறு என்பீர்கள். சரி, வேறுதான்.

2023இல் எங்கள் மேற்கு மாம்பலம் தெருவில் வேலை செய்யும் ஓர் அம்மாவுக்கு நான்தான் உரிமைத்தொகை விண்ணப்பத்தைப் படித்துக் காட்டினேன். குடும்ப வருமானம் ஆண்டுக்கு இரண்டரை லட்சத்தைத் தாண்டக்கூடாது. கார் கூடாது. மின்சாரம் ஆண்டுக்கு 3600 யூனிட்டுக்குள் இருக்க வேண்டும். ரேஷன் கார்டு, ஆதார், பாஸ்புக் எல்லாம் ஜவுளிக்கடை பிளாஸ்டிக் பையில் சுருட்டி வைத்திருந்தார். "மூணு குடித்தனத்துக்கு ஒரே மீட்டர் சார். யாரு யூனிட்டை எழுதுறது?" என்றார். எனக்கும் தெரியவில்லை.

அப்போது எனக்குத் தம்புச் செட்டித் தெரு ஞாபகம் வந்தது. 1989இல் அங்கே ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் டைப்பிஸ்ட்டாக இருந்தேன். மனை விற்று வீடு வாங்கிய ஒரு மில் முதலாளியின் கணக்கை மூன்று கார்பன் வைத்து அடித்தேன். கடைசி வரியில், கட்ட வேண்டிய வரி: இல்லை. அதற்கும் நிபந்தனைகள் உண்டு, நாள் கெடு உண்டு. எல்லாம் ஆடிட்டர் தலைவலி. முதலாளி வந்தார், மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து காப்பி குடித்தார், காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டார். என்ன எழுதியிருக்கிறது என்றுகூடப் பார்க்கவில்லை. "ஆச்சா?" என்றார். ஆச்சு என்றோம்.