‘சர்வர் டவுன்’ என்றால் நோயாளி என்ன செய்வது?

கே: அம்மாவுக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். திடீரென்று ஆஸ்பத்திரியில் “சர்வர் டவுன்” என்கிறார்கள். உயிருக்கு ஆபத்தா? – சூரமங்கலம் வாசகர்

ப: மெஷின் பொதுவாகத் தனியாகவே ஓடும், பயப்படாதீர்கள். மாட்டிக்கொள்வது பழைய ரிப்போர்ட்டுகள்தான். 2022 நவம்பரில் டெல்லி எய்ம்ஸ் சர்வர்கள் சைபர் தாக்குதலில் முடக்கப்பட்டபோது, ஓ.பி. சீட்டு முதல் லேப் வேலை வரை பல நாட்கள் கையால் எழுதியே ஓட்டினார்கள். 2024 ஜூனில் லண்டன் மருத்துவமனைகளுக்கு ரத்தப் பரிசோதனை செய்துதரும் நிறுவனமும் அதேபோல் சைபர் தாக்குதலுக்கு ஆளானது. நோயாளியின் ரத்த வகையை வழக்கமான வேகத்தில் பார்க்க முடியாமல், பெரும்பாலோருக்குப் பொருந்தும் ‘ஓ’ வகை ரத்தம் கொடுங்கள் என்று கொடையாளர்களிடம் கேட்க வேண்டிவந்தது. தகவல் திருட்டைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். எனக்கென்னவோ, வேண்டிய நேரத்தில் கிடைக்காத தகவல்தான் பெரிய கவலை.

அம்மாவின் பையில் ஒரு தாள் இருக்கட்டும்: ரத்த வகை, ட்ரை வெயிட் (உடம்பில் தேங்கிய கூடுதல் நீரை எடுத்தபின் இருக்க வேண்டிய எடை), ஹெபாரின் (டயாலிசிஸின்போது ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து) அளவு, ஒத்துக்கொள்ளாத மருந்துகள், கடைசியாகப் பார்த்த பொட்டாசியம். ஹெபடைடிஸ் முடிவையும் மறக்காமல் எழுதுங்கள். ஹெபடைடிஸ் பி உள்ளவர்களுக்குத் தனி மெஷின் என்பதால், அது தெரியாவிட்டால் எந்த மெஷினில் போடுவது என்பதிலேயே குழப்பம் வரும்.

கே: ஏற்காட்டில் சின்ன கிளினிக். இருப்பது ஒரே கம்ப்யூட்டர். “அப்டேட் போட்டால் ஸ்லோ ஆகும்” என்கிறார் டாக்டர். – ஒரு நர்ஸ்

ப: 2017 மே மாதம், ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ‘வான்னாக்ரை’ வைரஸ் இங்கிலாந்து மருத்துவமனைகளை முடக்கியது. அது நுழைந்த விண்டோஸ் ஓட்டையை அடைக்கும் அப்டேட் மார்ச் மாதமே வந்திருந்தது! டாக்டரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். அப்புறம், பேக்கப் ஹார்ட் டிஸ்க்கைச் சொருகியே வைக்காதீர்கள். வைரஸ் அதையும் சேர்த்துப் பூட்டிவிடும். வேலை முடிந்ததும் கழற்றி பீரோவில் வையுங்கள். மழையில் கரண்ட் போனால் எழுத ஒரு நோட்டு வைத்திருப்பீர்களே, அதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

கே: அப்பாவின் பேஸ்மேக்கரை யாராவது ஹேக் செய்ய முடியுமா? – ஓமலூர்

ப: முடியாது என்று அடித்துச் சொல்ல மாட்டேன். 2017இல் அமெரிக்காவில் சுமார் 4,65,000 பேஸ்மேக்கர்களுக்கு இதற்காகவே மென்பொருளை மாற்றச் சொன்னார்கள். ஆனால் அதனால் யாரும் பாதிக்கப்பட்டதாகத் தகவல் இல்லை. செக்கப்பைத் தவறவிடுவதுதான் நிஜமான ஆபத்து.

கே: ‘லேப் ரிப்போர்ட்’ என்று வாட்ஸ்அப்பில் ஏபிகே ஃபைல் வந்தது. திறக்கலாமா? – ஆத்தூர்

ப: வேண்டாம். ரிப்போர்ட் பொதுவாகப் பிடிஎஃப்ஆகத்தான் வரும். ஏபிகே என்றால் அது ஆப். சந்தேகமிருந்தால் ரசீதில் உள்ள லேப் எண்ணுக்கே போன் போடுங்கள். தெரியாமல் இன்ஸ்டால் செய்திருந்தால் உடனே நெட்டை அணையுங்கள். பணம் போயிருந்தால் வேறொரு போனிலிருந்து சைபர் மோசடி உதவி எண் 1930க்குக் கூப்பிட்டு, வங்கிக்கும் சொல்லிவிடுங்கள்.