மூன்று வயதுக் கையில் பென்சில் எதற்கு? – கேள்வி பதில்

கேள்வி: எங்கள் முன்பள்ளியில் இருபது பிள்ளைகள், ஒரே அறை. பொம்மை வாங்கப் பணமில்லை. எதிலிருந்து தொடங்கலாம்?

தச்சுப் பட்டறையில் மிஞ்சும் கட்டைகளிலிருந்து தொடங்குங்கள். 5 சென்டிமீட்டருக்குக் குறையாத துண்டுகளாகப் பொறுக்கி, விளிம்பு மழுங்கும் வரை உப்புத்தாளால் தேயுங்கள். பழைய பெயின்ட் ஏறிய கட்டை வேண்டாம், அதில் ஈயம் இருக்கலாம். ஒரு நேரத்தில் ஐந்து பேர் விளையாட 70 துண்டுகள் போதும். குறைந்தால் நாள் முழுக்கப் பிடுங்கல்தான்.

பாட்டிலில் விதை போட்டுக் கிலுகிலுப்பை செய்தால் மூடியைப் பசையால் ஒட்டிவிடுங்கள். வாரம் ஒருமுறை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கழுத்தடியில் மயிரிழை விரிசல் தெரிந்தாலும் அன்றே தூக்கிப் போடுங்கள். வெளியே விழும் ஒற்றை விதை மூச்சுக்குழாயை அடைத்துவிடும். கழிவறைத் தாள் சுற்றிவரும் அட்டைக்குழாய்க்குள் நுழைகிற எதுவும் மூன்று வயதுக்கு உட்பட்ட பிள்ளையின் கைக்குப் போகக் கூடாது.

கேள்வி: கதை வாசித்தால் யாரும் கவனிப்பதில்லையே?

இருபது பேருக்கு ஒரு புத்தகத்தைத் தூக்கிக் காட்டினால் பின்னால் இருப்பவருக்குப் படம் தெரியாது. ஐந்தாறு பேராக உட்கார வையுங்கள். ஒரே புத்தகம் நான்கு நாள். முதல் நாள் வாசிப்பு மட்டும். இரண்டாம் நாள் படத்தைத் தொட்டு “இது என்ன?” மூன்றாம் நாள் “நாய் ஏன் ஒளிந்துகொண்டது?” கேட்டுவிட்டு மனத்துக்குள் ஐந்து வரை எண்ணிக் காத்திருங்கள். பெரும்பாலும் மூன்று எண்ணுவதற்குள் நாமே பதிலைச் சொல்லிவிடுகிறோம், பிள்ளை வாயை மூடிக்கொள்கிறது. நான்காம் நாள் கதையைப் பிள்ளைகள் சொல்லட்டும்.

கேள்வி: எழுத்து கற்பிக்க நல்ல செயலி எது?

வேண்டாம். பதில் பேசாத திரையிடம் பேச்சு வளராது.

கேள்வி: மூன்று வயதாகியும் ‘அ’ எழுதவில்லை. என்ன செய்ய?

எழுத வேண்டிய வயதில்லை. களிமண் பிசையட்டும், தாள் கிழிக்கட்டும்.

கேள்வி: மூன்றரை வயது, இன்னும் எழுத்து வரவில்லை…

மேலே உள்ள பதில்தான். பென்சிலைத் திணித்தால் முஷ்டியால் பிடிக்கும், அந்தப் பிடி பழகிவிட்டால் மாற்றுவது கடினம். நான்கு வயதில் சுண்டுவிரல் நீள சாக்பீஸ் துண்டு கொடுங்கள், விரல் நுனியால் பிடிக்கப் பழகும்.

கேள்வி: விளையாட்டெல்லாம் வசதியுள்ளவர்களுக்கு. எங்கள் பெற்றோர் நோட்டில் எழுத்து இருக்கிறதா என்றுதான் பார்க்கிறார்கள். இல்லாவிட்டால் பிள்ளையை நிறுத்திவிடுவார்கள்.

அந்தப் பெற்றோரின் ஆதங்கம் நியாயமானது. படிப்பை விட்டால் வேறு ஏணி இல்லாதவர்கள் அவர்கள். “புரியாதவர்கள்” என்று ஒதுக்காதீர்கள். ஆனால் வசதியில்லாத பிள்ளைக்கு விளையாட்டு பலிக்காது என்பதை ஏற்க மாட்டேன். அமெரிக்காவின் இப்சிலாண்டியில் 1962 முதல் 1967 வரை நடந்த பெர்ரி முன்பள்ளி ஆய்வில் ஏழைக் கறுப்பினக் குடும்பங்களின் 123 பிள்ளைகள் இருந்தார்கள். முன்பள்ளியில் சேர்க்கப்பட்ட 58 பேரும் அன்று என்ன செய்யப் போகிறோம் என்று சொல்வார்கள், செய்வார்கள், செய்ததை மறுபடி சொல்வார்கள். அறிவுத்திறன் மதிப்பெண்ணில் கிடைத்த ஏற்றம் பள்ளிக் காலத்திலேயே கரைந்தது. ஆனால் 40 வயதில் பார்த்தபோது, சேர்க்கப்படாத மற்றவர்களைவிட வேலையில் இருந்தவர்கள் அவர்களில்தான் அதிகம், கைதானவர்கள் குறைவு.

நோட்டுக்குப் பதிலாகப் பெற்றோருக்குக் காட்ட ஒன்று வேண்டுமே. பிள்ளை வரைந்த படத்தின் கீழ் அது சொன்ன வாக்கியத்தை அப்படியே எழுதி, தேதி போட்டுக் கொடுத்தனுப்புங்கள். “மழை, மரம் – முதல் ஒலி என்ன?” என்று பெற்றோர் முன்னாலேயே கேளுங்கள்.

கேள்வி (வேறொருவர்): பெர்ரி முன்பள்ளியில் ஓர் ஆசிரியருக்கு ஆறு பிள்ளைகள். இருபது பேருக்கு ஒருவர் என்றால் அது ஒப்பீடா?

சரியான அடி. அந்த ஆசிரியர்கள் வாரந்தோறும் ஒன்றரை மணி நேரம் பிள்ளைகளின் வீட்டுக்கும் போனார்கள். அதே பலனை எதிர்பார்க்க முடியாது. அறையை நான்கு மூலையாகப் பிரியுங்கள்: கட்டை, களிமண், பாவனை விளையாட்டு, புத்தகம். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை குழுக்கள் இடம் மாறட்டும், நீங்கள் புத்தக மூலையை விட்டு நகராதீர்கள். மற்ற மூன்றையும் பார்க்க முறை வைத்து ஒரு தாயையாவது அழையுங்கள். வருகிறவருக்கு முதலில் அட்டைக்குழாய்ச் சோதனையைச் சொல்லிக்கொடுங்கள். தம்பி தங்கைகளும் கூடவே வருவார்கள்.

கேள்வி: இரண்டரை வயது, இரண்டு சொல் சேர்த்துப் பேசவில்லை.

இங்கே காத்திருக்காதீர்கள். மருத்துவரிடம் காட்டி முதலில் காது கேட்கிறதா என்று சோதியுங்கள்.