வானொலி மேடை: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: சென்னையின் முதல் சின்ன வானொலி அண்ணா எஃப்.எம். தானா? (ராயபுரம் வாசகர்)

சமுதாய வானொலி, அதாவது ஒரு வட்டாரத்து மக்களுக்காக நடத்தும் சிறு நிலையம் என்ற உரிமத்தில் வந்தவற்றில் அதுதான் முதல். நாட்டிலேயே முதல் கல்வி வளாக வானொலியும், அண்ணா பல்கலைக்கழகத்தின் அதுதான். 2004 பிப்ரவரி 1 அன்று கிண்டியில் 90.4 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் தொடங்கியது. ஆனால் ஊருக்குள் மட்டும் கேட்கும் ஒலிபரப்பு அதற்கு 80 ஆண்டு மூத்தது. 1924-ல் சி.வி.கிருஷ்ணசாமி செட்டி முன்னின்று தொடங்கிய மதராஸ் மாகாண வானொலிக் கழகம், 40 வாட் டிரான்ஸ்மிட்டரை வைத்து ஒலிபரப்பியது. கையில் பணமில்லாமல் 1927-ல் நின்றுபோனது. கருவி மாநகராட்சி கைக்கு வந்து, 1930 ஏப்ரல் 1 முதல் மறுபடி ஒலித்தது. வீட்டில் ரேடியோ இல்லாதவர்களுக்காக மெரினாவிலும் உங்கள் பக்கத்து ராபின்சன் பூங்காவிலும் ஒலிபெருக்கி கட்டினார்கள். வடசென்னைக்காரர்கள் இதை மறக்கக் கூடாது. 1938-ல் அகில இந்திய வானொலி வந்ததோடு அந்தச் சேவை முடிந்தது. அதெல்லாம் எஃப்.எம். அல்ல, எஃப்.எம். சென்னைக்கு வந்தது 1977-ல்.

கேள்வி: 90.4 எங்கள் வீட்டில் இரைச்சலாகவே கேட்கிறதே? (காசிமேடு வாசகர்)

கிண்டியிலிருந்து உங்களுக்கு நேர்கோட்டில் சுமார் 14 கி.மீ. சமுதாய வானொலிக்கு அனுமதி 100 வாட் வீச்சு, 30 மீட்டர் ஆன்டெனா உயரம், அவ்வளவுதான். நடுவில் நிற்கும் கட்டடங்கள் மிச்சத்தையும் தின்றுவிடும். ரேடியோவை ஸ்டீரியோவிலிருந்து மோனோவுக்கு (ஒற்றை ஒலித்தடம்) மாற்றுங்கள். இரைச்சல் பாதி அடங்கும். பிறகு 80 செ.மீ. வயரை ஆன்டெனாவில் முறுக்கி, தெற்குப் பார்த்த ஜன்னலில் ஒருமுறை நெட்டாகவும் ஒருமுறை படுக்கையாகவும் கட்டிப் பாருங்கள். எல்.இ.டி. பல்பு, போன் சார்ஜர் பக்கத்தில் வைக்காதீர்கள்.

கேள்வி: எங்கள் சங்கம் நிலையம் தொடங்கினால் எதில் கவனம் வேண்டும்? (திருவொற்றியூர் வாசகர்)

சங்கம் பதிவாகி 3 ஆண்டு ஆகியிருக்க வேண்டும். நிகழ்ச்சியில் பாதியாவது உள்ளூரில் தயாரானதாக இருக்க வேண்டும். சொந்தமாகச் செய்தி வாசிக்க முடியாது. ஆகாசவாணி செய்தியை மாற்றாமல் அப்படியே தரலாம்.

காசை, டிரான்ஸ்மிட்டரிலிருந்து ஆன்டெனாவுக்குப் போகும் கேபிளில் போடுங்கள். 50 வாட் டிரான்ஸ்மிட்டரிலிருந்து 30 மீட்டருக்கு ஆர்.ஜி.213 என்ற வகைக் கேபிள் இழுத்தால் மேலே ஆன்டெனாவுக்குப் போய்ச் சேருவது சுமார் 31 வாட். அரை அங்குல ஃபோம் கேபிளில் 43 வாட் வரும். டிரான்ஸ்மிட்டரைப் பெரிதாக்குவதைவிட இது மலிவு.

அடுத்த எதிரி உப்புக்காற்று. கடலோரத்தில் கெடுவது பெரும்பாலும் கனெக்டர்தான். உள்ளே ஈரம் இறங்கிப் பச்சைக் களிம்பு பிடித்தால், மேலே போக வேண்டிய மின்சக்தி திரும்பி வரும். இப்படித் திரும்புவதைக் காட்டும் அளவு எஸ்.டபிள்யூ.ஆர். அது 1.5 காட்டினால் 4 சதவீதம் திரும்புகிறது. 2 ஆனால் 11 சதவீதம். நல்ல டிரான்ஸ்மிட்டர் தானே வீச்சைக் குறைத்துக்கொள்ளும். மலிவானது கடைசிக்கட்ட டிரான்சிஸ்டரை எரித்துவிடும். கனெக்டர் மேல் முதலில் தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப், அதன்மேல் பி.வி.சி. டேப். கீழிருந்து மேலாகச் சுற்றுங்கள், அப்போதுதான் ஓட்டு அடுக்குப்போல நீர் வழியும். கேபிள் அறைக்குள் நுழையும் இடத்துக்கு முன்னால் ஒரு தொங்கல் விடுங்கள். மழைநீர் அங்கேயே சொட்டிவிடும். கிளாம்ப் எல்லாம் துருப்பிடிக்காத ஸ்டீலாக இருக்கட்டும். ஐப்பசி மழைக்கு முன் டேப்பைப் பிரித்து, சுத்தம் செய்து, புதிதாகச் சுற்றிவிடுங்கள்.