சாவியைத் திருப்பினால் ‘டிக் டிக்’ சத்தம் மட்டும் வருகிறது, கார் ஸ்டார்ட் ஆகவில்லை. என்ன செய்வது?

முதலில் அந்தச் சத்தத்தைக் கவனியுங்கள். பாதி விடை அதிலேயே இருக்கிறது.

டிக்டிக்டிக் என்று வேகமாக அடித்தால் பெரும்பாலும் பேட்டரிதான். இன்ஜினை முதலில் சுற்றிவிடும் மோட்டார்தான் ஸ்டார்ட்டர். அதில் உள்ள சொலினாய்டு (காந்த சுவிட்ச்) இழுபடக் கொஞ்சம் மின்சாரம் போதும். ஆனால் மோட்டார் சுற்ற 100 ஆம்பியருக்கு மேல் வேண்டும். சோர்ந்த பேட்டரியால் அதைத் தர முடியாது. வோல்ட் சரிந்து சொலினாய்டு விடுபடும், உடனே மறுபடி இழுக்கும். அதுதான் அந்தத் தொடர் சத்தம். மல்டிமீட்டர் இருந்தால் பாருங்கள்: முழு சார்ஜில் சுமார் 12.6 வோல்ட் காட்டும், 12.2 என்றால் பாதிதான் மிச்சம்.

புதுப் பேட்டரிக்குக் காசு கொடுக்கும் முன் டெர்மினல்களை (பேட்டரியில் வயர் மாட்டும் முனைகளை) பார்த்துவிடுங்கள், தயவுசெய்து. வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால், கையால் அசைத்தால் ஆடினால், கோளாறு அங்கேயே இருக்கலாம். நெகட்டிவை முதலில் கழற்றி, சமையல் சோடா கரைத்த தண்ணீரில் தேய்த்துத் துடைத்து, இறுக்கி மாட்டுங்கள். மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில்.

ஒரே ஒரு ‘டக்’ மட்டும் கேட்டு, ஹெட்லைட்டும் மங்காமல் எரிந்தால் ஸ்டார்ட்டர் மோட்டார் அல்லது சொலினாய்டு மேல் சந்தேகப்படலாம். அது மெக்கானிக் வேலை.

வேறு வண்டியின் பேட்டரியோடு கேபிள் இணைத்து, அதாவது ஜம்ப் கொடுத்து, ஸ்டார்ட் ஆனால், ஓடும் இன்ஜினில் வோல்ட்டை அளந்து பாருங்கள். 13.5க்குக் கீழேயே நின்றால் ஓடும்போது பேட்டரியை சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரையும் சோதிக்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் புதுப் பேட்டரியும் சில நாளில் இறங்கிவிடும்.