சாக்லேட் வேணும், கனம் வேணாம்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அக்கா, எங்க வீட்ல பிரவுனின்னா எல்லாருக்கும் உயிர். 150 கிராம் வெண்ணெய், 150 கிராம் டார்க் சாக்லேட், 200 கிராம் சர்க்கரை, மூணு முட்டை, கொஞ்சம் மைதா, இதான் நான் போடற அளவு. கொழுப்பக் குறைக்கலாம்னு இந்த தடவ வெண்ணெய மொத்தமா எடுத்துட்டு வேகவச்சு மசிச்ச ஆப்பிள் அதே அளவு போட்டேன். ரப்பரா இழுக்குது, ருசியும் இல்ல. எங்க போச்சு?

பதில்: மொத்தமா எடுத்தீங்கல்ல, அங்கதான் போச்சு. மைதாவுல ஈரம் பட்டு கலக்க ஆரம்பிச்சதும் குளூட்டன் உருவாகும், அதுதான் அந்த இழுவை. கொழுப்பு இருந்தா மாவு மேல படிஞ்சு குளூட்டன ரொம்ப வளர விடாது. ஆப்பிள்ல பெக்டின் இருக்கு, ஈரத்தப் பிடிச்சு வச்சுக்கும், அதனால கேக் காயாது, ஆனா குளூட்டன அடக்கற வேலை அதுக்குத் தெரியாது. அதனால கொழுப்புல பாதி, தைரியம் இருந்தா பாதிக்குக் கொஞ்சம் மேல, அதுவரைக்கும்தான் ஆப்பிளுக்கு இடம் கொடுக்கணும்.

அதவிட முக்கியமானது ஒண்ணு இருக்கு. உங்க அளவுல 150 கிராம் வெண்ணெய்ல மட்டும் கிட்டத்தட்ட 1,075 கலோரி, சாக்லேட்ல இன்னொரு 850க்கு மேல. நீங்க வெண்ணெய மட்டும் தொட்டீங்க, சாக்லேட் அப்படியே இருக்கு. டார்க் சாக்லேட்ல ஏறக்குறைய 40 சதவீதம் கொழுப்புதாங்க, அதுல பெரும்பகுதி கோகோ பட்டர், அது வாய்ல உருகற சுகத்தத் தரும், சாக்லேட் ருசின்னு நாம சொல்றது பெரும்பாலும் கோகோவோட மத்த பகுதிலதான் இருக்கு. கோகோ பவுடர்ங்கறதே அந்த கோகோ பட்டர்ல பெரும்பகுதியப் பிழிஞ்சு எடுத்தப்புறம் மிஞ்சறதுதான் (1828ல நெதர்லாந்துல வான் ஹூட்டன் குடும்பம் அதுக்கு ஒரு பிரஸ் கண்டுபிடிச்சு காப்புரிமை வாங்கினாங்க, நம்ம டயட்டுக்கு அப்பவே வேலை பாத்துட்டாங்க!). ஸோ சாக்லேட்ட எடுத்துட்டு கோகோவ தாராளமா போடுங்க, கஞ்சத்தனம் மட்டும் அதுல வேணாம்.

அளவு சொல்றேன், 20 சென்டிமீட்டர் சதுர டின்னுக்கு. 40 கிராம் கோகோ பவுடர்ல 100 மில்லி நல்லா கொதிக்கற தண்ணி ஊத்தி கட்டியில்லாம கலக்கி அஞ்சு நிமிஷம் விடுங்க. இத யாரும் ஸ்கிப் பண்ணாதீங்க ப்ளீஸ், சூட்டுல கோகோவோட வாசனை திறந்துக்கும், அதே 40 கிராம் இன்னும் அழுத்தமா தெரியும், ஒரு கால் ஸ்பூன் இன்ஸ்டன்ட் காபி பவுடரும் சேத்தா காபி ருசி தெரியாது, சாக்லேட் மட்டும் தூக்கலா இருக்கும். அது ஆறினதும் ஒரு முழு முட்டை, ஒரு வெள்ளைக்கரு, 140 கிராம் சர்க்கரை, ரெண்டு டேபிள்ஸ்பூன் வாசனை இல்லாத எண்ணெய், மசிச்ச ஆப்பிள் 80 கிராம், கெட்டித் தயிர் 80 கிராம், வெனிலா எல்லாத்தையும் அடிச்சு சேருங்க. 120 கிராம் மைதா, அரை டீஸ்பூன் பேக்கிங் சோடா, அரை டீஸ்பூன் பேக்கிங் பவுடர், கால் டீஸ்பூன் உப்பு இதெல்லாம் சலிச்சு கடைசியா போட்டு, மாவு மறையற வரைக்கும் மட்டும் கலக்குங்க, அதுக்கு மேல ஒரு சுத்து கூட வேணாம், கொழுப்பு கம்மியா இருக்கற மாவு அதிகமா கலக்கினா சட்டுனு கெட்டியாகும்.

180 டிகிரில பிரீஹீட் பண்ணி 22 நிமிஷத்துல செக் பண்ணுங்க. டூத்பிக்ல ரெண்டு மூணு ஈரத் துணுக்கு ஒட்டிட்டு வரணும், சுத்தமா வந்துச்சுன்னா லேட்டு. கொழுப்பு அதிகமான கேக்ல அஞ்சு நிமிஷம் கூட ஆனாலும் மன்னிச்சிடும், இதுல மன்னிக்காது. 12 துண்டு போட்டா ஒரு துண்டு சுமார் 125 கலோரி. ஒண்ணு முன்னாடியே சொல்லிடறேன், இது கேக் மாதிரி மெத்துனு வரும், பிசுபிசுன்னு ஃபட்ஜியா வராது. அந்த ஃபட்ஜி வேணும்னா உங்க பழைய அளவுலயே செஞ்சு சின்னத் துண்டா சாப்பிடுங்க, ரெண்டுங்கெட்டானா ஒண்ணு செஞ்சு யாரும் தொடாம கிடக்கறதுக்கு அது எவ்ளோவோ மேல்.

கேள்வி: ஆப்பிளுக்கு பதிலா வாழைப்பழம் போடலாமா?

பதில்: போடலாம், ஆனா வாழைப்பழம் பின்னாடி ஒளிஞ்சு நிக்காது, முன்னாடி வந்து நிக்கும், அப்புறம் அது பனானா கேக்தான். ருசி தெரியக்கூடாதுன்னா வேகவச்சு நைசா அரைச்ச பீட்ரூட் நல்லாருக்கும், கோகோவோட மண் வாசனைக்கும் அதுக்கும் ஒத்துப்போகும். பூசணியும் ஓகே, தண்ணிய நல்லா வடிச்சுடுங்க.

கேள்வி: மேடம், சர்க்கரைக்கு பதிலா வெல்லம் போட்டா கலோரி குறையும்தானே? இல்ல ஸ்வீட்னர் போட்டுடவா?

பதில்: குறையாதுங்க. 100 கிராம் சர்க்கரை சுமார் 390 கலோரி, வெல்லமும் கிட்டத்தட்ட அங்கதான் நிக்கும். ருசிக்காக வெல்லம் போடறீங்கன்னா தாராளமா போடுங்க, காரணம் மட்டும் அதா இருக்கட்டும். பெரும்பாலான அளவுகள்ல சர்க்கரைய கால் பங்கு சத்தமில்லாம குறைச்சுடலாம், யாருக்கும் தெரியாது. அதுக்கு மேல போனா கேக் வறண்டு போகும், ஏன்னா சர்க்கரை இனிப்புக்கு மட்டும் இல்ல, ஈரத்தப் பிடிச்சு வைக்கவும் அதுதான். சுக்ரலோஸ், ஸ்டீவியா மாதிரி துளி போட்டா போதும்ங்கற ஸ்வீட்னர்ல இதே சிக்கல்தான், இனிப்பு வரும், கேக்குக்கு வேண்டிய பருமன் வராது, தட்டையா கிடக்கும். சர்க்கரை மாதிரியே அளவா போடற எரித்ரிட்டால்ங்கற ஸ்வீட்னர்ல அந்தப் பருமன் வரும், ஆனா நாக்குல ஒரு சில்லுனு உணர்வு இருக்கும், ஆறினதும் சில சமயம் மணல் மணலா கடிபடும். வீட்ல சுகர் இருக்கறவங்களுக்காக செய்றீங்கன்னா மைதாவும் கணக்குல வரும்ங்கறத மறந்துடாதீங்க, எவ்ளோ சாப்பிடலாம்னு அவங்க டாக்டர்கிட்டயே கேட்டுக்கறது நல்லது.

கேள்வி: கோதுமை மாவு?

பதில்: நார்ச்சத்து கூடும், கலோரி பெருசா குறையாது. பாதிக்குப் பாதி போடுங்க, ரெண்டு ஸ்பூன் தண்ணி கூட சேருங்க.

கேள்வி: மாவே இல்லாம, வெண்ணெயே இல்லாம ஏதாவது சாக்லேட் ஐட்டம் இருக்கா அக்கா? சூஃப்ளே, அதான் வெள்ளைக்கரு நுரையால உப்பி எழும்பற அந்த இனிப்பு, ட்ரை பண்ணேன், ஓவன்லேர்ந்து வெளிய எடுத்த ரெண்டாவது நிமிஷம் உக்காந்துடுச்சு.

பதில்: உக்காரும்ங்க, அது உங்க கைவண்ணத்துல வந்த குறை இல்ல. உள்ள இருக்கற காத்தும் ஆவியும் சூட்டுல விரிஞ்சுதான் அது எழும்புது, ஆறினா சுருங்கத்தான் செய்யும். சாப்பிடறவங்கள முதல்ல டேபிள்ல உக்கார வைங்க, அப்புறம் ஓவனத் திறங்க.

80 மில்லி பால்ல ஒரு டீஸ்பூன் கார்ன்ஃப்ளார், ரெண்டு டேபிள்ஸ்பூன் கோகோ கரைச்சு கெட்டியாகற வரைக்கும் காய்ச்சி ஆற வைங்க. மூணு வெள்ளைக்கருவ நாலஞ்சு சொட்டு எலுமிச்சை சாறு விட்டு அடிச்சு, நுரை வந்ததும் 45 கிராம் சர்க்கரைய கொஞ்சம் கொஞ்சமா சேத்து, பீட்டர தூக்கினா நுனி லேசா வளையற பதத்துல நிறுத்துங்க. மஞ்சள் கரு துளி விழுந்தாலும், பாத்திரத்துல எண்ணெய்ப் பசை இருந்தாலும் நுரை சரியா வராது, பிளாஸ்டிக் பவுல் அதனாலயே வேணாம். மூணுல ஒரு பங்கு நுரைய முதல்ல கோகோ கலவைல நல்லா கலந்து இளக்கிட்டு, மிச்சத்த ஸ்பாட்டுலாவால அடியிலேர்ந்து மேல மடிச்சு மடிச்சு சேருங்க. லேசா எண்ணெய் தடவி சர்க்கரை தூவின நாலு சின்ன ஓவன் கப்ல ஊத்தி 190 டிகிரில 12 நிமிஷம். ஒரு கப் 80 கலோரி வாக்குலதான் வரும், அதனால மேல ஒரு ஸ்பூன் துருவின டார்க் சாக்லேட் தூவிக்கிட்டா நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்.