பழைய படங்களும் கார்ட்டூன்களும் நல்ல தரத்தில் டிஸ்க்காக வரும் என்று இன்னும் காத்திருப்பவர்கள் உண்டா? ஏன் இவ்வளவு தாமதம்?

உண்டு. மலேசியாவின் பட்டர்வொர்த்தில் ஒரே வீட்டில் இரண்டு பேர் இருக்கிறோம், நானும் அப்பாவும். அப்பா காத்திருப்பது 'கர்ணன்' ஒன்றுக்குத்தான். என் பட்டியல் கொஞ்சம் நீளம்.

தாமதத்துக்குப் பாதிக் காரணம் எங்கள் வீட்டுக் கதையிலேயே கிடக்கிறது, அங்கிருந்தே தொடங்குகிறேன். தொண்ணூறுகளின் கடைசியில் ஃபெர்ரி ஏறிப் பினாங்குத் தீவுக்குப் போய், லிட்டில் இந்தியா மார்க்கெட் ஸ்திரீட்டில் இறங்கினால் நாலு கடைக்கு ஒரு கடை விசிடி கடை. வாசலில் ஆளுயர ஸ்பீக்கர். ஒரு கடைப் பாட்டைத் தாண்டுமுன் அடுத்த கடைப் பாட்டு காதில் ஏறும். அப்பா சம்பளத்தன்று அங்கே வாங்கி வந்ததுதான் 'கர்ணன்', மூன்று சிடி.

விசிடி என்றால் 352-க்கு 288 புள்ளி, அவ்வளவுதான். ப்ளூ-ரே 1920-க்கு 1080. பெருக்கிப் பார்த்தால் விசிடியில் இருப்பது இருபதில் ஒரு பங்கு. அதில் குருக்ஷேத்திரப் போரைப் பார்த்தால் எது யானை, எது தேர் என்று ஊகிக்கத்தான் வேண்டும். போதாக்குறைக்கு எங்கள் மூன்றாவது சிடியில் ஒரு கீறல். கர்ணன் அம்பு தைத்துத் தேர்ச் சக்கரத்தில் சாய்ந்து கிடப்பான், சீர்காழி கோவிந்தராஜன் குரல் எழும், படம் சதுரம் சதுரமாகச் சிதறி நின்றுவிடும். அப்பா எழுந்து போய், சிடியைப் பனியனில் துடைத்து, வாயால் ஊதி, மறுபடி போடுவார். மறுபடி அதே இடம். "அர்ஜுனன் கொல்லலடா, இந்த சிடிதான் கர்ணனைக் கொன்னுச்சு" என்பார்.

பாசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் திருட்டு விசிடி ஐந்து வெள்ளிக்குக் கிடைத்த காலம் அது. ஹோலோகிராம் ஸ்டிக்கர் ஒட்டிய ஒரிஜினலை அதைவிடக் கூடக் கொடுத்து வாங்கியவனுக்கும் அதே மங்கல்தான். கூடுதலாக மூலையில் ஒரு முத்திரை, பாட்டு உச்சத்துக்குப் போகும்போது அடியில் ஓடும் தொலைபேசி எண். நாமும் வாங்கினோமே! படம் ஓடினால் போதும், எப்படி ஓடினால் என்ன என்று வியாபாரிக்குச் சொல்லிக்கொடுத்தது நாம்தான். பிறகு தரம் வேண்டும் என்று கேட்டால் யார் நம்புவார்?

2012 மார்ச்சில் 'கர்ணன்' டிஜிட்டலில் சுத்தம் செய்யப்பட்டு தமிழ்நாட்டுத் தியேட்டர்களுக்கு மறுபடி வந்தது. 1964-இல் வந்த படம், புதுப்படங்களுக்கு நடுவே மாதக்கணக்கில் ஓடியது. அந்தச் சமயம் சொந்தத்தில் ஒரு கல்யாணத்துக்கு நாங்கள் சென்னையில் இருந்தோம். தாலி கட்டு முடிந்த கையோடு அப்பா என்னை இழுத்துக்கொண்டு தியேட்டருக்குப் போய்விட்டார், பந்திக்குக்கூட உட்காரவில்லை. அந்தக் கடைசிக் காட்சி வந்தது, நிற்காமல் ஓடியது. வெளியே வந்து ரொம்ப நேரம் பேசவில்லை. ஆட்டோவில் ஏறியபிறகு, "சக்கரத்துல ஆணி தெரியுதுடா" என்றார். கொஞ்சம் கழித்து, "சத்தந்தான் ஜாஸ்தி" என்றார்.

ஊர் திரும்பியதும் அதே கடையில் போய்க் கேட்டார், தியேட்டரில் வந்தது டிஸ்க்கில் வந்துவிட்டதா என்று. "தீபாவளிக்கு வந்துரும்ணே" என்றான் கடைக்காரத் தம்பி. எந்தத் தீபாவளி என்று அவனும் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை. எங்கள் கண்ணில் படவேயில்லை. இப்போது அந்தக் கடையில் எவர்சில்வர் பாத்திரமும் ஊதுபத்தியும் விற்கிறார்கள். ஸ்பீக்கர் மட்டும் அங்கேயே இருக்கிறது.

சரி, ஏன் தாமதம்? முதல் பதில், எடுப்பதற்கு எதுவும் இல்லாமல் போயிருக்கலாம். நல்ல டிஸ்க் வேண்டும் என்றால் கேமராவுக்குள் ஓடிய அந்தத் தாய் நெகட்டிவ் வேண்டும். ஐம்பதுகளின் தொடக்கம் வரை ஃபிலிம் நைட்ரேட், தீப்பற்றினால் அணைக்க முடியாது. அதற்குப் பின் வந்த அசிடேட் எளிதில் தீப்பிடிக்காது, ஆனால் சூட்டிலும் ஈரத்திலும் மெல்ல மெல்லப் புளிக்கும். பெட்டியைத் திறந்தால் வினிகர் வாடை அடித்தால் அந்த ஃபிலிம் சுருங்கத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். நம் ஊர் வெக்கையையும் சென்னை வெக்கையையும் நினைத்துப் பாருங்கள். ஈஸ்ட்மன்கலர் பிரிண்டில் நீலப்பச்சைச் சாயம் முதலில் வெளிறும், மிச்சம் இருப்பது ரோஸ் நிறம். விசிடியில் எல்லா அரசர்களும் குங்குமத்தில் குளித்தாற்போல இருந்தார்களே, அது இதனால்தான். முதல் தமிழ்ப் பேசும்படம் 'காளிதாஸ்', 1931. அதில் இன்று ஒரு சுருள்கூடக் கையில் இல்லை.

இது தமிழுக்கு மட்டும் வந்த கேடு என்று நினைக்க வேண்டாம். பக்கத்துச் சிங்கப்பூரில் 1957-இல் பி.என். ராவ் இயக்கிய மலாய்ப் பேய்ப்படம் 'பொந்தியானாக்', ஓட்டத்தில் சக்கைப்போடு போட்ட படம். அதற்கே இன்று பிரதி இல்லை. அதை எடுத்த கேத்தே-கெரிஸ் ஸ்டுடியோவின் மிஞ்சிய மலாய்ப் படங்கள் 91-ஐ 2014-இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் நினைவுப் பதிவேட்டில் சேர்த்தார்கள். மிஞ்சியதற்காவது ஒரு பெயர்ப்பட்டியல் இருக்கிறது. கோடம்பாக்கத்தில் எந்த நெகட்டிவ் எந்தக் கிடங்கில் என்று ஒரே இடத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியுமா?

வயிற்றெரிச்சல் என்னவென்றால் வேலை தெரிந்தவர்கள் சென்னையிலேயே இருக்கிறார்கள். ஹாலிவுட் ஸ்டுடியோக்களின் பழைய படங்களைப் பிரேம் பிரேமாக உட்கார்ந்து கீறலும் தூசும் எடுத்துக் கொடுப்பது பிரசாத் நிறுவனத்தில் வேலை செய்யும் நம் பிள்ளைகள். அமெரிக்க டிஸ்க் வாங்கி, பளபளவென்று இருக்கிறதே என்று வாய் பிளக்கிறோம். துடைத்த கையில் சாலிகிராமத்துக் காப்பி வாசம் அடித்தாலும் அடிக்கும்.

மனசு வைத்தால் கருகினதைக்கூட மீட்கலாம். சத்யஜித் ராயின் அபு படங்கள் மூன்றின் நெகட்டிவும் 1993-இல் லண்டன் லேப் ஒன்றில் தீயில் மாட்டின. இத்தாலியின் பொலோஞ்யாவில் அந்தக் கருகிய சுருள்களை ஈரமேற்றி, கையால் பிரித்து, ஒட்டி, 'பதேர் பாஞ்சாலி'யில் சுமார் 40 விழுக்காட்டை அந்த நெகட்டிவிலிருந்தே எடுத்தார்கள். 2015-இல் ப்ளூ-ரே வந்தது. நான் வாங்கினேன். அப்பா பாதியில் தூங்கிவிட்டார், அது வேறு விஷயம்.

இரண்டாவது பதில் உரிமைச் சிக்கல். பழைய தமிழ்ப் படத்துக்கு நெகட்டிவ் ஒருவர் கையில், டிவி உரிமை இன்னொருவர் கையில், வீடியோ உரிமை மூன்றாமவர் கையில், ஆடியோ வேறொரு கம்பெனியில். வெளிநாட்டு உரிமையைக் கோடம்பாக்கத்தில் எப்.எம்.எஸ். என்பார்கள், அந்த 'எம்' நாம்தான். வியாபாரத்தில் நம் பெயர் இருக்கிறது, டிஸ்க்கில்தான் நாம் இல்லை. இந்தியச் சட்டப்படி திரைப்படத்துக்குக் காப்புரிமை வெளியான ஆண்டுக்குப் பின் 60 ஆண்டு. அப்படிப் பார்த்தால் 'கர்ணன்' 2024 முடிவோடு பொதுச்சொத்து. யார் வேண்டுமானாலும் வெளியிடலாம் என்று குதிக்க வேண்டாம். உரிமை காலாவதியானதால் நெகட்டிவ் இருக்கும் அறையின் சாவி நம் கைக்கு வந்துவிடாது. யார் வேண்டுமானாலும் வெளியிடப்போவது அதே மங்கல் பிரதியைத்தான்.

மூன்றாவது, காசு. மறுவெளியீட்டில் ஒரு வாரத்தில் கிடைக்கும் பணம் டிஸ்க் விற்றால் ஒரு வருடத்திலும் கிடைக்காது. இதை நீட்டி முழக்க ஒன்றுமில்லை.

இனி கார்ட்டூன். அங்கே கதை நேர் எதிர். 'டாம் அண்ட் ஜெர்ரி'க்கு வெளியிடத் தக்க பிரதி இருந்தது, முதலாளியும் ஒருவர்தான், அப்படியும் காத்திருக்க வைத்தார்கள். மலேசிய அரசுத் தொலைக்காட்சியான ஆர்டிஎம்-மில் சாயங்காலம் அதைப் பார்த்து வளர்ந்தவன் நான், ஆகவே இது எனக்குச் சொந்தப் பிரச்சினை. அதை உருவாக்கிய ஹன்னாவும் பார்பெராவும் எம்ஜிஎம் ஸ்டுடியோவில் 1940 முதல் 1958 வரை எடுத்தவை 114. அவற்றை வரிசையாக வெளியிடுகிறோம் என்று 2011-இல் உரிமையாளரான வார்னர் நிறுவனம் முதல் ப்ளூ-ரே தொகுப்பைக் கொடுத்தது, 37 படங்கள். 2013-இல் இரண்டாவது தொகுப்பை அறிவித்தார்கள். அதில் 'மவுஸ் கிளீனிங்', 'காஸனோவா கேட்' இரண்டும் இல்லை, கறுப்பினத்தவரைக் கேலி செய்யும் காட்சிகள் இருப்பதால் எடுத்துவிட்டார்கள். முழுசாகக் கொடுத்தால் கொடு, இல்லாவிட்டால் வேண்டாம் என்று சேகரிப்பவர்கள் கொடி பிடித்தார்கள். தொகுப்பே நின்றுபோனது. பத்து வருடத்துக்கு மேல் அந்த வரிசை பாதியில் தொங்கியது.

நான் கொடி பிடித்தவர்கள் பக்கம். அந்தக் காட்சிகள் அசிங்கம்தான், மறுக்கவில்லை. நம் பழைய படங்களில் நிறத்தையும் சாதியையும் வைத்துச் செய்த நகைச்சுவை மட்டும் என்ன வாழ்ந்தது? முன்னால் ஓர் எச்சரிக்கை போட்டுவிட்டு, பெரியவர்கள் பார்க்கட்டும் என்று விட வேண்டியதுதான்.

மாலுமி பாப்பாய் கார்ட்டூன்களின் கதை இன்னும் மோசம். கார்ட்டூன் ஒரு கம்பெனியிடம், பாத்திரத்தின் உரிமை இன்னொரு கம்பெனியிடம். இரண்டும் கை குலுக்கி 1933-இல் தொடங்கிய படங்களை ஒழுங்கான டிவிடியாகக் கொண்டுவர 2007 ஆகிவிட்டது.

வந்தால் மட்டும் போதுமா? தூசு நீக்கும் இயந்திரம் ஒன்று இருக்கிறது, டி.வி.என்.ஆர். என்பார்கள். ஒரு பிரேமில் தெரிந்து, அடுத்த பிரேமில் இல்லாதது எல்லாம் அதற்குத் தூசு. கார்ட்டூனில் வேகமாக அசையும் கையின் கோடும் அப்படித்தானே வரும்? என்னிடம் இருக்கும் ஒரு பழைய டிவிடியில் பூனை கையை ஓங்கும்போது முழங்கையிலிருந்து விரல் வரை கறுப்புக் கோடு கரைந்துபோகும், ஓங்கிய கை நின்றதும் திரும்பி வரும். ஒவ்வொரு பிரேமாக நிறுத்திப் பார்த்தேன். ஏழு பிரேம் கோடு இல்லை. யாரோ ஓர் ஆள் மேஜையில் குனிந்து மையால் இழுத்த கோடு. அதைச் சுத்தம் என்ற பெயரில் துடைத்துப் போட்டிருக்கிறார்கள். அதற்கு எங்கள் கர்ணன் விசிடி தேவலாம், அது கீறலால் கெட்டது, யாரும் வேண்டுமென்று கெடுக்கவில்லை.

இங்கே இருப்பவர்களுக்கு உபயோகமான ஒன்று: டிவிடியில் மலேசியா 3, அமெரிக்கா 1, அதனால் அந்தக் காலத்தில் பிளேயரோடு மல்லுக்கட்டினோம். ப்ளூ-ரேயில் மலேசியாவும் அமெரிக்காவும் ஒரே 'ஏ' மண்டலம். அமெரிக்கக் கார்ட்டூன் டிஸ்க்கை வரவழைத்தால் நேராகப் போட்டுப் பார்க்கலாம். தபால் செலவுதான் டிஸ்க் விலையை எட்டும்.

என் பட்டியலில் இப்படி ஒவ்வொன்றாகக் கோடு விழுகிறது. அப்பாவின் ஒற்றைப் படம் அப்படியே நிற்கிறது. போன தீபாவளிக்குப் பெரிய டிவி வாங்கினோம். இணையத்தில் யாரோ ஏற்றி வைத்திருந்த 'கர்ணன்' கிடைத்தது, துல்லியம் என்று மேலே பெருமையாக எழுதியிருந்தது. நிறம் உண்மையிலேயே பரவாயில்லை. அப்பா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஐந்து நிமிடம் இருக்கும்.

"டேய், கர்ணனுக்குக் கிரீடம் எங்கடா?"

அகலமான டிவிக்குத் தோதாக மேலேயும் கீழேயும் வெட்டியிருக்கிறார்கள். நெற்றியோடு ஆள் முடிந்துவிட்டது. நான் ரிமோட்டை எடுத்து, படத்தின் அளவை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தேன். ஒன்றில் சிவாஜி குள்ளமானார், ஒன்றில் ஒல்லியானார். கிரீடம் வரவில்லை.